பாய் விரித்த பிறகு புரொப்பெல்லரை என்ன செய்வது?

பாய்மரப் படகு காற்றில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டது. ஆனாலும் தீவுக்குத் தீவு போகும் பயணத்தில் எஞ்சினைத் தொடாமல் ஒரு நாள் கழிவது அபூர்வம். நங்கூரம் தூக்கும்போது, துறைக்குள் நுழையும்போது, உயரமான தீவின் மறைவில் காற்று செத்துப்போகும்போது, பவளத் திட்டுகளுக்கு நடுவே குறுகலான வாயிலைக் கடக்கும்போது எஞ்சின் வேண்டும். அந்த எஞ்சினின் பலத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோவது படகின் அடியில் இருக்கும் புரொப்பெல்லர்.

பாயை ஏற்றி எஞ்சினை நிறுத்தியதும் அதே புரொப்பெல்லர் படகைப் பின்னுக்கு இழுக்கும் சுமையாகிவிடும். ஒரு நேரம் தள்ள வேண்டும், மறுநேரம் வழிவிட வேண்டும். ஒன்றுக்கு நல்ல வடிவம் மற்றதற்கு ஆகாது. எனவே புதிதாகப் படகோட்டக் கற்பவர் பழக வேண்டிய முதல் விஷயம், பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் புரொப்பெல்லர் என்ன நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே தெரிந்துவைத்திருப்பது.

அளவும் சுற்றும்

புரொப்பெல்லரின் குடத்தில், அதாவது இறக்கைகள் பொருந்தும் நடுப்பகுதியில், 16 × 12 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச்: மரத்தில் திருகாணி ஏறுவதுபோலத் தண்ணீரிலும் நழுவாமல் ஏறினால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. தண்ணீர் மரம் இல்லை, நழுவும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது, கியர்பாக்ஸ் அதை 2.5 மடங்கு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் 1200 சுற்று சுற்றும். 12 அங்குலப் பிட்ச் என்றால் நிமிடத்துக்கு 1200 அடி, அதாவது கிட்டத்தட்ட 11.8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). படகு உண்மையில் ஓடுவதோ 6.5 நாட். மீதி 45 சதவீதம் நழுவலில் போகிறது. பாய்மரப் படகுக்கு இது வழக்கமான கணக்குதான், பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் படகுக்குப் பொருந்திய புரொப்பெல்லர்தானா என்பதை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. அடிப்பகுதி சுத்தமாக இருக்கும்போது, அலையில்லாத தண்ணீரில், முழு த்ராட்டில் கொடுங்கள். எஞ்சின் கையேட்டில் போட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றை அது தொட வேண்டும். 3600 வர வேண்டிய இடத்தில் 3200-ல் நின்று கரும்புகை கக்கினால் பிட்ச் அதிகம், எஞ்சின் திணறுகிறது. வரம்பைத் தாண்டி எளிதாக ஏறினால் பிட்ச் போதவில்லை. பிட்சை ஒரு அங்குலம் மாற்றினால் சுமார் 150 முதல் 200 சுற்று வரை மாறும். சோதனையோடு சோதனையாக 1500, 1800, 2000, 2200 சுற்றுகளில் படகு எத்தனை நாட் ஓடுகிறது என்று பதிவேட்டில் குறித்துவையுங்கள். பின்னால் அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்ற சந்தேகம் வரும்போது இந்த நாலு வரிதான் பதில் சொல்லும்.

மூன்று வகை

நிலையான புரொப்பெல்லரில் இறக்கைகள் அசையாது. விலை குறைவு, கெட்டுப்போக எதுவும் இல்லை, முன்னும் பின்னும் நன்றாகத் தள்ளும். பாயில் ஓடும்போதுதான் தொல்லை. மூன்று இறக்கை உள்ளது 5, 6 நாட் வேகத்தில் அரை நாட்டிலிருந்து ஒரு நாட் வரை தின்றுவிடும். அரை நாட் அற்பமாகத் தோன்றலாம். 40 கடல் மைல் தள்ளியிருக்கும் தீவுக்கு 5.5 நாட்டில் ஏழேகால் மணி நேரம், 5 நாட்டில் எட்டு மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம், வெளிச்சத்தில் பாறை பார்த்து நங்கூரம் போடுவதற்கும் இருட்டில் தடவுவதற்கும் உள்ள வித்தியாசமாகலாம்.

ஃபோல்டிங் வகையில் இறக்கைகள் கதவுக்கு இருப்பதுபோன்ற கீலில் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் நின்றதும் ஓடும் தண்ணீரே அவற்றைப் பின்பக்கம் மடக்கிவிடும், ஷாஃப்ட் சுற்றும்போது மையவிலக்கு விசை விரித்துவிடும். கோரி, ஃப்ளெக்ஸோஃபோல்டு போன்றவை இந்த வகை. இழுவை மிகக் குறைவு. பலவீனம் ரிவர்ஸில்: அப்போது தண்ணீரின் அழுத்தம் இறக்கைகளை மூடப் பார்க்கும், மையவிலக்கு விசை மட்டுமே அவற்றைத் திறந்துவைத்திருக்கும். ஆகவே ரிவர்ஸில் கொஞ்சம் அதிகச் சுற்று கொடுக்க வேண்டும், படகு நிற்கக் கூடுதல் தூரம் விட வேண்டும்.

ஃபெதரிங் வகையில் இறக்கைகள் மடங்காது, தம் அச்சிலேயே திரும்பி விளிம்பை ஓட்டத்துக்குக் காட்டி நிற்கும். மேக்ஸ்-ப்ராப் இதற்கு அறிந்த உதாரணம். ரிவர்ஸில் இறக்கை முழுதாகப் புரண்டுவிடுவதால் முன்னே தள்ளும் அதே விளிம்பு பின்னேயும் வேலை செய்யும், பிரேக் நன்றாகப் பிடிக்கும். குடத்துக்குள் பல்சக்கரங்கள் இருப்பதால் ஆண்டுக்கொருமுறை கிரீஸ் ஏற்ற வேண்டும். விலையும் மூன்றிலேயே பெரும்பாலும் இதற்குத்தான் அதிகம். நெருக்கடியான துறைகளில் அடிக்கடி திருப்பி நிறுத்துபவருக்கு ஃபெதரிங், நீண்ட தூரம் பாயிலேயே ஓடுபவருக்கு ஃபோல்டிங் என்பது எங்கள் கணிப்பு. ஓட்டக் கற்கும் முதல் இரண்டு பருவங்களுக்கு, படகோடு வந்த நிலையான புரொப்பெல்லரே போதும்.

எஞ்சினை நிறுத்தும் அந்த ஒரு நிமிடம்

பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். உயரமான தீவிலிருந்து புறப்படும்போது அதன் மறைவில் காற்று விட்டுவிட்டு அடிக்கும், திசை மாறும். மறைவைத் தாண்டியதும் இரு தீவுகளுக்கு நடுவிலான இடைவெளியில் காற்று நெருக்கப்பட்டுத் திடீரென்று வலுக்கும். கேனரி தீவுகளின் இடைவெளிகள் இதற்குப் பேர்போனவை. ஆகவே பாயை முன்கூட்டியே சுருக்கி, எஞ்சினை ஓடவிட்டபடியே மறைவிலிருந்து வெளியேறுங்கள். காற்று நிலைத்து, படகு பாயில் மட்டும் 3 நாட்டுக்கு மேல் ஓடுகிறது என்று உறுதியான பிறகே எஞ்சினை நிறுத்தலாம். நியூட்ரலில் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடு தணிந்தபின் நிறுத்துவது எஞ்சினுக்கு நல்லது.

அடுத்தது கியர். நிலையான புரொப்பெல்லர் என்றால் நியூட்ரலில் விட்டுச் சுழலவிடலாமா, ரிவர்ஸ் போட்டுப் பூட்டலாமா என்பது பழைய வாக்குவாதம். இழுவையை மட்டும் பார்த்தால் சுழலவிடுவதே மேல். பூட்டிய புரொப்பெல்லர் அதிகம் இழுக்கும் என்று தொட்டிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் முடிவு செய்வது இழுவை அல்ல, கியர்பாக்ஸ். யான்மார் எஞ்சினோடு வரும் கியர்பாக்ஸ்களுக்கு, பாயில் ஓடும்போது நியூட்ரலில் வைக்கச் சொல்கிறது அந்த நிறுவனம். கூம்பு வடிவக் கிளட்ச் உள்ளவற்றில் கியர் போட்டு ஓடினால் தண்ணீரின் விசையில் கூம்பு இறுகிக்கொண்டு பிறகு கழல மறுக்கும். சில பழைய ஹைட்ராலிக் கியர்பாக்ஸ்களிலோ கதை தலைகீழ்: எஞ்சின் நின்றால் எண்ணெய் பம்பும் நின்றுவிடும், ஷாஃப்ட் மணிக்கணக்கில் சுழன்றால் உள்ளே எண்ணெயில்லாமல் தேயும். அவற்றில் கியர் போட்டாலும் ஷாஃப்ட் நிற்காது, தனியாக ஷாஃப்ட் பூட்டு வேண்டும். எனவே கியர்பாக்ஸின் பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து அதன் கையேட்டைத் தேடிப் படியுங்கள். பக்கத்துப் படகுக்காரரின் கியர்பாக்ஸுக்குச் சரியானது உங்களுடையதுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பாயில் ஓடும்போது முன்கியரில் விட்டுவைக்காதீர்கள்.

மடங்கும் புரொப்பெல்லர் மடங்க வேண்டுமானால் ஷாஃப்ட் சுழல்வது நிற்க வேண்டும். படகு ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை நிறுத்தி, லீவரை ஒரு கணம் ரிவர்ஸில் தட்டினால் ஷாஃப்ட் நின்று இறக்கைகள் சட்டென்று மூடும். மூடியதும் சுழல வைக்க எதுவும் இல்லாததால், கையேடு நியூட்ரல் கேட்டால் மறுபடி நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். ஃபெதரிங் வகைக்கு முறை வேறு. எஞ்சினைக் குறைந்த சுற்றில், படகை 2, 3 நாட்டில் முன்கியரில் ஓட்டி, கியரை எடுக்காமலே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஷாஃப்ட் நிற்கும் அந்த நேரத்தில் இறக்கைகள் ஓட்டத்தோடு நேராகும். அதற்குப் பிறகு நியூட்ரலுக்கு மாற்றலாம். முதலில் நியூட்ரலுக்கு வந்து பிறகு எஞ்சினை நிறுத்தினால் இறக்கை திரும்பாமல் ஷாஃப்ட் காற்றாலைபோலச் சுழன்றுகொண்டே இருக்கலாம். கேபினுக்குள் தரைப்பலகையைத் தூக்கி ஷாஃப்டைப் பாருங்கள். நின்றிருந்தால் சரி. மெல்லிய முனகல் கேட்டால், எஞ்சினை மறுபடி கிளப்பி முறையை முதலிலிருந்து செய்யுங்கள்.

நீண்ட அடிக்கட்டையுள்ள பழைய படகுகளில் இரண்டு இறக்கைப் புரொப்பெல்லர் அடிக்கட்டையின் பின்னால் சாளரம் போன்ற ஒரு திறப்பில் உட்கார்ந்திருக்கும். இறக்கைகள் செங்குத்தாக நின்றால் கட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும், இழுவை பெரிதும் குறையும். படகு கரையேறியிருக்கும்போது இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, உள்ளே ஷாஃப்டின் மேல்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவையுங்கள். கடலில் எஞ்சின் நின்றபின் அந்தக் கோடு மேலே வரும்வரை கையால் ஷாஃப்டைச் சுற்றிப் பூட்டினால் போதும்.

மறுபடி கிளப்புவதற்கு முன்

சேர வேண்டிய தீவின் வாயிலுக்கு வந்தபிறகு எஞ்சினைத் தேடாதீர்கள். கால் மணி நேரம் முன்னதாகவே, சுற்றிலும் இடம் இருக்கும்போதே கிளப்புங்கள். அதற்கு முன் படகைச் சுற்றி ஒரு பார்வை: எந்தக் கயிறாவது தண்ணீரில் தொங்குகிறதா? முன்பாயின் கயிறும், பின்னால் இழுத்துவரும் சிறு படகின் கயிறும்தான் புரொப்பெல்லரில் அதிகம் மாட்டுபவை. லீவர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக் கிளப்பி, எக்சாஸ்ட்டில் குளிர்நீர் துப்புகிறதா என்று கவனியுங்கள். பிறகு முன்கியர், மூன்று நொடி நியூட்ரல், ரிவர்ஸ் என்று ஒருமுறை சோதியுங்கள். ஃபோல்டிங் புரொப்பெல்லரில் கியர் போட்டதும் படகே அதிர்ந்தால் ஒரு இறக்கை விரிந்து மற்றது பாதியில் நிற்கிறது என்று பொருள். நியூட்ரலுக்கு வந்து, ரிவர்ஸில் ஒரு தட்டு, மறுபடி முன்கியர். பெரும்பாலும் இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் அந்த அதிர்வோடு ஓட்டிப் பேரிங்கைக் கெடுப்பதைவிடப் பாயிலேயே உள்ளே போவது நல்லது.

பாயும் எஞ்சினும் சேர்ந்து ஓடும்போது கடல் விதிகளின்படி நீங்கள் எஞ்சின் படகு. பாய்மரப் படகுக்குரிய வழியுரிமை கிடையாது. பகலில் முன்பக்கம் கூர்முனை கீழ்நோக்கிய கருப்புக் கூம்பு தொங்கவிட வேண்டும், இரவில் எஞ்சின் படகுக்குரிய விளக்குகள் எரிய வேண்டும். படகு அதிகம் சாய்ந்தால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சும், குளிர்நீர்த் துளை தண்ணீருக்கு மேலே வந்துவிடும், எஞ்சின் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும். 15 டிகிரிக்கு மேல் சாய்வு நிலைத்தால் பாயைக் குறையுங்கள்.

ரிவர்ஸில் படகு ஏன் ஒருபக்கம் போகிறது

பின்னாலிருந்து பார்க்க, முன்னே போகும்போது கடிகாரச் சுற்றில் சுழல்வது வலச்சுற்றுப் புரொப்பெல்லர். ரிவர்ஸ் போட்டால் அது எதிர்ப்புறமாகச் சுழன்று படகின் பின்பக்கத்தை இடப்புறம் இழுக்கும். சுக்கானைத் தாண்டித் தண்ணீர் ஓடத் தொடங்கும்வரை அந்த இழுப்பைச் சுக்கானால் சமாளிக்க முடியாது. சாய்ந்த ஷாஃப்டில் இது அதிகம், செயில்டிரைவில், அதாவது எஞ்சினிலிருந்து கீழே இறங்கும் ஒரு காலின் நுனியில் ஷாஃப்ட் கிடைமட்டமாக இருக்கும் அமைப்பில், குறைவு. கட்டியிருக்கும்போது ரிவர்ஸ் போட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் கொப்பளிக்கிறது என்று பாருங்கள். வலப்பக்கம் கொப்பளித்தால் பின்பக்கம் இடப்புறம் போகும். இதைத் தெரிந்துகொண்டால் தொல்லை உதவியாகிவிடும்: இடப்பக்கம் துறை இருக்கும்படி சற்றுச் சாய்வாக வந்து ரிவர்ஸ் போட்டால், படகு நிற்கும்போதே பின்பக்கம் தானாகத் துறையோடு ஒட்டும்.

நங்கூரத்தைப் பதிக்கவும் ரிவர்ஸ்தான். சங்கிலி முழுதும் விட்டு அது நீளும்வரை காத்திருந்து, குறைந்த சுற்றில் தொடங்கி மெதுவாக 1500, பிறகு 2000 வரை ஏற்றி அரை நிமிடம் பிடியுங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்கள் விலகாமல் இருந்தால் நங்கூரம் பிடித்துவிட்டது. பின்னால் கட்டிய சிறு படகின் கயிற்றை இதற்கு முன்பே குட்டையாக இழுத்துக் கட்டுங்கள். தண்ணீரில் மிதக்கும் கயிறாக இருந்தால் இன்னும் நல்லது.

கயிறு மாட்டிவிட்டால்

எஞ்சின் திடீரென்று முக்கி நிற்கும், அல்லது படகு அதிரும். உடனே நியூட்ரல், உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த வேலை கயிறு அல்ல, படகைக் காப்பது: பாயை ஏற்றுங்கள் அல்லது நங்கூரத்தைப் போடுங்கள். அதற்குப் பிறகு கயிற்றின் நுனி மேலே இருந்தால் ஒருவர் அதை மெல்ல இழுக்க, மற்றவர் உள்ளே ஷாஃப்டைக் கையால் எதிர்த்திசையில் சுற்றிப் பார்க்கலாம். எஞ்சினைப் போட்டு அவிழ்க்க முயன்றால் நைலான் உருகி ஷாஃப்டோடு கட்டியாகிவிடும்.

இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அமைதியான தண்ணீரில் மட்டும். எஞ்சின் சாவி இறங்குபவரிடமே இருக்கட்டும். அலையில் படகின் பின்பக்கம் ஏறி இறங்கித் தலையில் இடிக்கும், ஆகவே தலைக்கவசம், இடுப்பில் கயிறு, மேலே ஒருவர் கண்காணிப்பு. பல் வைத்த ரொட்டிக் கத்தி கயிற்றை நன்றாக அறுக்கும். உருகிய கட்டிக்கு ஹேக்சா பிளேடு வேண்டும். எடுத்தபிறகு எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்கள், ஷாஃப்ட் இணைப்பு, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் சீலில் கசிவு ஆகியவற்றைப் பார்த்துவிட்டே கிளப்புங்கள். செயில்டிரைவ் என்றால் அடுத்த சில நாள்களுக்கு கியர் எண்ணெயைக் கவனியுங்கள். பால்போல வெளுத்தால் மாட்டிய கயிறோ தூண்டில் நரம்போ சீலை அறுத்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

சீல், பேரிங், அனோடு

ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் பழைய வகைத் திணிப்புப் பெட்டி (ஷாஃப்டைச் சுற்றிக் கயிறு திணித்துத் தண்ணீரைத் தடுப்பது) இருந்தால், ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். ரப்பர் உதட்டுச் சீல் என்றால், படகைத் தண்ணீரில் இறக்கியதும் சீலை விரலால் அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். தண்ணீர் பீறும்வரை அழுத்த வேண்டும். மறந்தால் முதல் மணி நேரத்திலேயே உலர்ந்து கருகும். வெளியே ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்குக்கு உயவு கடல்நீர்தான். கரையேறும்போது புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். 25 மி.மீ. ஷாஃப்டில் 1.5 மி.மீ. ஆட்டம் இருந்தால் மாற்றும் நேரம்.

அனோடு என்பது தன்னைக் கரைத்து வெண்கலப் புரொப்பெல்லரைக் காக்கும் உலோகத் துண்டு. உப்புநீரில் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை, நன்னீரில் மெக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். மாட்டும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, உலோகம் உலோகத்தைத் தொடும்படி இறுக்க வேண்டும். மேலே பெயின்ட் அடிக்கக் கூடாது. ஷாஃப்டில் மாட்டும்போது பேரிங்கோடு ஒட்டாமல் இரண்டு செ.மீ. இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பேரிங்குக்குத் தண்ணீர் போகாது. புரொப்பெல்லரில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் கலவையிலிருந்து துத்தநாகம் வெளியேறுகிறது. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலித்தால் உலோகம் திடமாக இருக்கிறது, மொத்தையான சத்தம் வந்தால் அந்தப் புரொப்பெல்லரை நம்ப வேண்டாம்.

வெதுவெதுப்பான கடலில் இரண்டு மூன்று வாரம் அசையாமல் நின்றாலே இறக்கையில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிர்கள் ஒட்டத் தொடங்கும். அரிசி அளவு ஓடுகள் போதும், நழுவல் எகிறிவிடும். 2200 சுற்றில் 6 நாட் போன படகு 4.5-க்கே மூச்சு வாங்கும். முதலில் சொன்ன பதிவேடு இங்கே கைகொடுக்கும். மூழ்கி, பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் சுரண்டுங்கள், ஃபோல்டிங் வகையில் கீல்களின் இடுக்கையும் விடாமல். சிலிக்கோன் பூச்சு பூசினால் ஒட்டியவை ஓட்டத்தில் உதிரும். செயில்டிரைவின் அலுமினியக் காலில் செம்பு கலந்த பெயின்ட் படவே கூடாது, அது அலுமினியத்தை அரித்துவிடும். பல வாரம் படகை விட்டுப் போவதானால் புரொப்பெல்லருக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பை மாட்டி வாய்க்கட்டுக் கட்டுங்கள். வெளிச்சமும் புதுநீரும் இல்லாத இடத்தில் எதுவும் வளர்வது கடினம். கட்டிய கையோடு எஞ்சின் சாவியில் “பை இருக்கிறது” என்று ஒரு சீட்டைத் தொங்கவிட மறக்காதீர்கள்.